டிரைவர் இல்லாத திருடன்

ரகுநாதன் சிரித்த சிரிப்பிலேயே, அவன் மேல் நஸீராவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

துபாய், ஷார்ஜா, அஜ்மான் என்று பாதி ஆயுளை மோசடிக்காரர்களோடு கழித்தவள் அவள். தேர்ந்த திருடன் சிரித்தால் கண் சிரிக்காது. பயந்த திருடன் சிரித்தால் உதடு நடுங்கும். ரகுநாதன் சிரித்ததில் இரண்டும் இல்லை. தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்று நம்புகிற ஆளின் நிம்மதியான சிரிப்பு அது.

"சிம்பிள் கேஸ் மேடம்," என்றான். "புது கம்ப்யூட்டர். உள்ள டிஸ்க் இல்ல. ரூம் சாவி ஒரே ஒருத்தர் கிட்டதான் இருந்துச்சு. நீங்க ரிப்போர்ட்ல சைன் போட்டா போதும். லஞ்சுக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

"லஞ்சுக்கு என்ன?" என்றது கதவோரமாக ஒரு குரல்.

ரகுநாதன் திரும்பினான். "சாரி?"

"இல்ல, லஞ்சு என்னன்னு தெரிஞ்சா எவ்வளவு வேகமா முடிக்கணும்னு ஒரு கணக்கு போடலாம்லா."

குரலுக்குச் சொந்தக்காரன் பெனிட்டோ. முட்டம் கடற்கரைக்காரன். சவூதியின் ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளாண்டில் கம்ப்யூட்டர் டெக்னீஷியனாக இருந்தவன், வாய்த்துடுக்கால் வேலை போய், இப்போது நஸீராவிடம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். துபாயில் உள்ள ஒரு ஆடிட் நிறுவனத்தின் மோசடி விசாரணைப் பிரிவுக்கு நஸீரா தலைவி. அந்தப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர்தான். அவள் மூளை என்றால் அவன் கை, கால், கார் ஓட்டி, எல்லாவற்றுக்கும் மேல் வாய்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஷார்ஜாவின் முவைலாவில் அல் ஃபரீத் மெடிக்கல் சென்டரின் மீட்டிங் ரூம். மேஜை மேல் குற்றப்பொருளாக அந்தக் கம்ப்யூட்டர் நின்றது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே பச்சையும் ஊதாவுமாக ஓடும் விளக்குகள். ஸ்கேன் ரிப்போர்ட் டைப் செய்வதற்கு எதற்கு இந்தக் கல்யாண மண்டப அலங்காரம் என்று நஸீரா நினைத்தாள்.

மேஜையின் தலைமாட்டில் கலீலுர் ரஹ்மான் இருந்தார். சென்டரின் மேனேஜிங் பார்ட்னர். வந்ததிலிருந்து இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"நஸீராம்மா, நீங்களும் கீழக்கரை, நானும் கீழக்கரை," என்று குரலைத் தேனாக்கினார். "பெருசாக்க வேணாம். புது பிராஞ்சுக்கு ஆறு கம்ப்யூட்டர் வாங்கினோம். அஞ்சு பெட்டி ஸ்டோர்ல சீல் உடைக்காம இருக்கு. ஒண்ணு மட்டும் ஸ்கேன் ரூமுக்குப் போச்சு. வாங்கி வெச்சது டெல்சிங்கிற நர்ஸ். ரெண்டு நாள் அந்த ரூம்ல பூட்டிக் கிடந்துச்சு. நம்ம ரகுநாதன் விண்டோஸ் போடப் போறாரு, டிஸ்க்கைக் காணோம். போலீஸ்ல புகார் குடுக்க உங்க ரிப்போர்ட் வேணும். அவ்வளவுதான்."

"கீழக்கரைக்கு ரிப்போர்ட் எழுத நான் வரலீங்க," என்றாள் நஸீரா.

உள்ளே வரும்போதே அவள் டெல்சியைப் பார்த்திருந்தாள். காரிடாரில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலி வரிசையில் கடைசி நாற்காலி. நர்ஸ் சீருடை இருந்தது, கழுத்தில் ஐடி கார்டு இல்லை. அதை முந்தின நாளே கழற்றி வாங்கிவிட்டார்கள். ரிசப்ஷனில், மொத்த ஸ்டாஃபும் நோயாளிகளும் பார்த்திருக்க, கலீலுர் ரஹ்மானே தன் வாயால் "திருடி" என்று சொல்லி வாங்கினார் என்று ரிசப்ஷன் பெண் பெனிட்டோவின் காதில் போட்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் போலீஸ் புகார். அது பதிவானால், விசாவும் போய், வளைகுடாவில் இனி எந்த ஆஸ்பத்திரியும் டெல்சியை வாசலில்கூடச் சேர்க்காது.

"டிஸ்க் இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ரகுநாதனைக் கேட்டாள் நஸீரா.

அவன் உற்சாகமானான். பென் டிரைவைச் செருகி மிஷினை ஆன் செய்தான். விண்டோஸ் நிறுவும் திரை வந்தது. மொழி, விசைப்பலகை என்று நாலைந்து கேள்விக்குப் பிறகு, எந்த டிஸ்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கிற இடத்தில் பட்டியல் காலியாக நின்றது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே சின்னதாக ஒரு பொத்தான்.

"விண்டோஸே சொல்லுது பாருங்க. இதுக்கு மேல என்ன எவிடன்ஸ் வேணும்?"

"உள்ளே திறந்து பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா? பன்னிரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் மேடம்." போனில் ஒரு படத்தை நீட்டினான். கம்ப்யூட்டர் கேஸின் அடிப்பகுதியில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு தகரக் கூடு, காலியாக. "டிஸ்க் இருக்க வேண்டிய இடம். எம்ப்டி."

கலீலுர் ரஹ்மான் தலையாட்டினார். போனதடவையும் இதே படத்துக்கு இதே மாதிரிதான் தலையாட்டியிருப்பார் என்று நஸீராவுக்குத் தோன்றியது. பணம் உள்ளவர்கள் கம்ப்யூட்டரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கம்.

"அந்தக் கீழே இருக்கிற பொத்தான் என்ன?" என்றாள்.

"அதுவா? டிரைவர் லோடு பண்றது. அது தேவைப்படாது."

கதவோரத்திலிருந்து பெனிட்டோ இருமினான். சாதாரணமாக அவன் அப்படி இருமினால், எதிராளி கால் வழுக்கிவிட்டது என்று அர்த்தம்.

நஸீரா அதை அப்போதைக்கு விட்டாள். "சரி. டிஸ்க் இல்லைன்னு தெரிஞ்சதும் கடைக்குப் போன் போட்டீங்களா?"

"எந்தக் கடைக்கு?"

"கம்ப்யூட்டர் வாங்கின கடைக்கு."

ரகுநாதன் முதன்முறையாக ஒரு நொடி நிதானித்தான். "எதுக்கு மேடம்? ஃபாரூக் நமக்கு ரொம்ப நாள் சப்ளையர். ட்ரஸ்டட் பார்ட்டி. பழைய மிஷின் எல்லாம் எடுத்துட்டுப் போனதும் அவர்தான். போன வருஷம் விண்டோஸ் டென்னுக்கு சப்போர்ட் நின்னுச்சில்ல, அப்ப மேனேஜ்மென்ட்டுக்கு எடுத்துச் சொல்லி மொத்த சென்டரையும் அப்கிரேட் பண்ண வெச்சதே நான்தான். பழசுல புது விண்டோஸ் ஓடவே ஓடாது. எல்லாத்தையும் ஸ்கிராப்ல போட்டுட்டோம்."

"ஆக, கடைக்குப் போன் போடல."

"தேவைப்படல."

நஸீரா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பழம் வாங்கி வந்து பிரித்தால் அழுகியிருக்கிறது. யாராக இருந்தாலும் முதலில் கடைக்காரனைத்தான் திட்டுவான். புதுப் பெட்டியில் டிஸ்க் இல்லை என்றால் கடைக்காரன் வைக்க மறந்திருக்கலாம், ஏமாற்றியிருக்கலாம். அந்தச் சந்தேகமே எழாமல், நேராக ஒரு நர்ஸின் கழுத்துக்குப் போயிருக்கிறான் இவன். கடைக்காரன் மேல் இத்தனை நம்பிக்கை வைக்க, அவன் என்ன இவனுடைய பங்காளியா?

"பெனிட்டோ," என்றாள். "பெட்டியைத் திற."

"அப்பாடா," என்று கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான் அவன். மின்சாரத்தைத் துண்டித்தான். கண்ணாடிக் கதவைக் கழற்றினான். ரகுநாதன் படமெடுத்த தகரக் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்டின் நடுவில் இருந்த ஒரு இரும்பு மூடியின் திருகைக் கழற்றி, மூடியை எடுத்து, விலகி நின்றான்.

கீழே சூயிங்கம் பட்டை அளவில் ஒரு சின்னப் பலகை போர்டோடு ஒட்டிப் படுத்திருந்தது.

"இது என்ன?" என்றார் கலீலுர் ரஹ்மான்.

"டிஸ்க் சார்."

"இதா? இவ்வளவு சின்னதா?"

"ஆமா சார். சாருக்க படத்துல இருக்கே, அந்தக் கூடு பழைய மாடல் டிஸ்க்குக்கு. இப்ப வர்ற கேஸ்லயும் சும்மா ஒண்ணு வெச்சு விடுவாவ. வீட்டுல கிணறு இல்லாதவன் ராட்டினம் மாட்டி வெச்ச மாதிரி. பன்னிரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சார் ராட்டினத்தப் பாத்துட்டு தண்ணியக் காணோம்னு சொல்லிட்டாவ."

ரகுநாதனின் முகம் சிவந்தது. நஸீரா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. அவன் உண்மையிலேயே அதிர்ந்து போயிருந்தான். டிஸ்க் இல்லை என்று அவன் மனதார நம்பியிருக்கிறான். அது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முட்டாள் மட்டும்தானா இவன்?

"அப்படின்னா... அப்படின்னா அது எரிஞ்சு போயிருக்கும்," என்றான் ரகுநாதன். "விண்டோஸுக்குத் தெரியலையே! அந்த நர்ஸ் கீழ போட்டிருப்பாங்க. டேமேஜ் பண்ணியிருக்காங்க. அதுவும் குற்றம்தானே மேடம்?"

நஸீராவின் ஏமாற்றம் அந்த நொடியே அருவருப்பாக மாறியது. திருட்டு பொய் என்று தெரிந்த பிறகும், அந்தப் பெண்ணைத் தப்பவிடக் கூடாது என்பதில் இவனுக்கு என்ன அக்கறை?

பெனிட்டோ மூடியை மாட்டி, மின்சாரம் கொடுத்து, பயாஸ் திரைக்குப் போனான். விண்டோஸுக்கு முன்னால் மிஷின் தன் உறுப்புகளைத் தானே எண்ணிப் பார்க்கிற இடம். அங்கே டிஸ்க்கின் பெயரும் அளவும் வெள்ளை எழுத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தன.

"எரியவும் இல்ல, விழவும் இல்ல. நல்ல ஆரோக்கியமா இருக்கு," என்றான்.

"பின்னே விண்டோஸுக்கு ஏன் தெரியல?" என்று கேட்டார் கலீலுர் ரஹ்மான். இப்போது அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"அரபி தெரியாத ஒருத்தன கோர்ட்ல கொண்டு நிறுத்தினா என்ன சார் நடக்கும்? ஆள் இருப்பான், பேசுவான், ஜட்ஜுக்கு ஒண்ணும் வெளங்காது. மொழிபெயர்ப்பாளர் வரணும். இந்தப் போர்டு டிஸ்க்க ஒரு தனி ஏற்பாட்டுல வெச்சிருக்கு. சாருக்க பென் டிரைவுல இருக்கிற விண்டோஸுக்கு அந்த பாஷை தெரியாது. அந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பேருதான் டிரைவர். போர்டு செஞ்ச கம்பெனிக்க வெப்சைட்டுல சும்மாவே குடுக்குதாவ. 'டிரைவர் லோடு பண்ணு'ன்னு விண்டோஸே பொத்தான் வெச்சுக் கெஞ்சுது. சார் தேவைப்படாதுன்னுட்டாவ."

"நீ பேசாம வேலையைப் பாரு," என்றாள் நஸீரா, அவன் பேசியது பிடித்திருந்தாலும்.

பெனிட்டோ தன் லேப்டாப்பில் போர்டின் மாடலைத் தேடி டிரைவரை இறக்கினான். பென் டிரைவில் போட்டு மிஷினில் செருகி, அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கினான். பொருத்தமான டிரைவர் இல்லை என்று திரை கையை விரித்தது.

ரகுநாதனுக்கு உயிர் வந்தது. "நான்தான் சொன்னேனே!"

"பொறுங்க மாப்ள, தாலி கட்டுறதுக்குள்ள எழும்பாதிய," என்றான் பெனிட்டோ. "இறக்கினத அப்படியே போட்டுட்டேன். எனக்க அவசரம். இது மூட்டை. மூட்டைய அவிழ்த்து உள்ள இருக்கிறதக் குடுத்தாத்தான் அதுக்குத் தெரியும்." லேப்டாப்பில் கோப்பைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் போட்டு, மறுபடி செருகினான்.

ஒரு கோடு ஊர்ந்து முடிந்தது. காலியாக இருந்த பட்டியலில் சடசடவென்று மூன்று நான்கு வரிகள் வந்து விழுந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்!" கலீலுர் ரஹ்மான் எழுந்துவிட்டார். "பிரச்சினை தீந்துச்சு. யல்லா, விண்டோஸைப் போடுங்க. அந்தப் பொண்ணு கிட்ட நான் பேசிக்கிறேன். ஏதோ மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். கலாஸ், முடிஞ்சுது."

"ஆமா சார், நானே ஃபார்மட் பண்ணி இன்ஸ்டால் பண்ணிடுறேன்," என்று ரகுநாதன் மவுஸை எட்டிப் பிடித்தான்.

"கையை எடுங்க," என்றாள் நஸீரா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் எடுத்துவிட்டான்.

அவள் திரையருகே குனிந்தாள். கம்ப்யூட்டர் சமாசாரம் அவளுக்கு அரைகுறை. ஆனால் எண்களை அவள் படிப்பாள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண்கள் இருந்தன. மொத்த இடம் எவ்வளவு, காலி இடம் எவ்வளவு.

"பெனிட்டோ, இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் இல்லாம வந்த புது மிஷின்தானே?"

"அப்படித்தான் சொல்லுதாவ."

"அப்ப டிஸ்க் காலியா இருக்கணும்."

"மொட்டையா இருக்கணும் லாத்தா. பட்டியல்ல ஒரே ஒரு வரிதான் வரணும்." அக்காவைத் தன் ஊரில் லாத்தா என்பார்கள் என்று அவள் ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

"இந்தப் பெரிய வரியில முக்கால்வாசி இடம் நிரம்பியிருக்கே."

பெனிட்டோ திரையைப் பார்த்தான். நக்கல் எல்லாம் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. "புது வீட்டுக்குச் சாவி வாங்கித் திறந்தா உள்ள யாரோ சோறு பொங்கிட்டு இருக்காவ," என்றான் மெதுவாக.

"கடையில டெஸ்ட் பண்ணியிருப்பாங்க," என்றான் ரகுநாதன். "நார்மல்தான் மேடம்."

"முக்கால்வாசி டிஸ்க் நிரம்புற அளவுக்கு டெஸ்டா? உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமா, பெனிட்டோ? எதையும் அழிக்காம?"

அவன் இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்க, கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. ஏதோ டைப் செய்தான். வெள்ளை எழுத்தில் பெயர்கள் வரிசையாக இறங்கின. பயனர் பெயர் 'ஸ்கேன் ரூம் டூ'. அதற்குள் போனான். டெஸ்க்டாப்பில் ரிப்போர்ட், டெம்ப்ளேட், ரிப்போர்ட், ரிப்போர்ட். நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர்: ஜினி பர்த்டே.

"யாரு ஜினி?" என்றார் கலீலுர் ரஹ்மான்.

நஸீரா பதில் சொல்லாமல் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "டெல்சி, கொஞ்சம் உள்ள வாங்கம்மா."

டெல்சி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அழுது முடித்த முகம். இனி அழுவதில்லை என்று முடிவெடுத்த முகமும்கூட. கலீலுர் ரஹ்மானைப் பார்க்காமல் நஸீராவைப் பார்த்து நின்றாள்.

"ஜினிங்கிறது யாரும்மா?"

அவள் திடுக்கிட்டாள். "எனக்க மோளு. ஊர்ல எனக்க அம்ம கிட்ட நிக்கிதா. ஏன் மேடம்? அவளுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க."

டெல்சி திரையருகே வந்தாள். படித்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

"இது நான் வெச்ச பேருல்லா! அவளுக்கு முதல் பிறந்தநாளு. நான் போக முடியல, வீட்டுக்காரரு எடுத்து அனுப்புன போட்டோ. போன்ல இடம் இல்லாததால ஸ்கேன் ரூம் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சேன். அப்புறம் அந்தப் போனும் போச்சு. பழைய மிஷின எல்லாம் கொண்டு போகும்போ ரகு சார் கிட்ட கேட்டேன், போட்டோ மட்டும் எடுத்துத் தாங்கன்னு. எல்லாம் உடைச்சு ஸ்கிராப்புக்குப் போயிட்டுன்னு சொன்னாரு." நிமிர்ந்தாள். "இது எப்படி இந்தப் புது மிஷினுக்குள்ள வந்துச்சு?"

எல்லோரும் ரகுநாதனைப் பார்த்தார்கள்.

"கம்பெனி சிஸ்டத்துல பர்சனல் போட்டோ வைக்கிறது பாலிசி வயலேஷன்," என்றான் ரகுநாதன்.

பெனிட்டோ அவனை ஏறிட்டுப் பார்த்தான். நஸீரா இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் முழுகும்போது எதையெதையோ பிடித்துத் தொங்கியதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை மட்டமான ஒரு துரும்பைப் பிடித்தவனைப் பார்த்ததில்லை.

"உங்க போனை எடுங்க ரகுநாதன்," என்றாள். "நேத்தே செஞ்சிருக்க வேண்டியதை இப்பச் செய்யுங்க. ஃபாரூக்குக்குப் போன் போட்டு, மிஷின்ல டிஸ்க் இல்லைன்னு புகார் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

"அவர் பிஸியா இருப்பார்..."

"போடு," என்றார் கலீலுர் ரஹ்மான். அந்தக் குரலில் தேன் இல்லை.

ரகுநாதன் போனை மேஜையில் வைத்து எண்ணை அழுத்தினான். மூன்றாவது மணியில் எதிர்முனை எடுத்தது.

"சொல்லுங்க சார்."

"ஃபாரூக்... அந்த ஸ்கேன் ரூம் மிஷின்... டிஸ்க் இல்லைன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட். இங்க ஆடிட்ல இருந்து மேடம்..."

"டிஸ்க் இல்லையா?" ஃபாரூக் அவனை முடிக்க விடவில்லை. "என்ன சார் பேசறீங்க? உங்க கிளினிக்ல இருந்து வந்தப்ப என்ன டிஸ்க் இருந்துச்சோ அதுதான் அப்படியே இருக்கு. நான் புதுக் கேஸ் மட்டும்தான் மாத்தினேன். ரெண்டு நாள் டைம் குடுங்க, ஆறையும் தொடச்சு குடுக்கறேன்னு சொன்னேன். நீங்கதான் வேணாம், விண்டோஸ் போடும்போது நானே அழிச்சுக்கறேன்னு அவசரப்படுத்தினீங்க. இப்ப என்னையத் திருடன்ங்கறீங்களா? எனக்கும் ஒரு நாணயம் இருக்கு சார்!"

நஸீரா கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள். நாணயம் பேசிய குரல் பாதியில் நின்றது.

கலீலுர் ரஹ்மான் மெல்ல உட்கார்ந்தார். "என் கம்ப்யூட்டரையே... எனக்கே வித்திருக்கான்."

"ஓடாதுன்னு இவர் சொன்னதை நீங்க நம்பினீங்க," என்றாள் நஸீரா. "ஸ்கிராப்புன்னார், கையெழுத்துப் போட்டீங்க. அதே மிஷின் கலர் விளக்கு போட்ட கேஸ்ல திரும்பி வந்துச்சு. புதுசுன்னார், அதுக்கும் கையெழுத்துப் போட்டீங்க. ஸ்டோர்ல இருக்கிற அஞ்சு பெட்டியையும் திறந்து பாருங்க, உங்க சென்டரோட பழைய சொந்தக்காரங்க எல்லாரும் உள்ள இருப்பாங்க."

பிறகு அவள் ரகுநாதனிடம் திரும்பினாள்.

"நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், டிஸ்க் காணோம்னதும் நீங்க ஏன் அப்படிப் பதறினீங்கன்னு. நீங்க பொய் சொல்லல. நிஜமாவே நம்பினீங்க. ஃபாரூக் உருவிக்கிட்டான்னு நினைச்சீங்க. அவன் கள்ளன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அவனைக் கேக்க முடியாது, கேட்டா ரெண்டு பேர் குட்டும் வெளிய வரும். யாரையாவது காட்டணும். சாவி வெச்சிருந்த நர்ஸ் கிடைச்சாங்க."

ரகுநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரே ஒரு பொத்தான்," என்றாள் நஸீரா. "டிரைவரை ஏத்தியிருந்தா டிஸ்க் தெரிஞ்சிருக்கும். அழிச்சுட்டு விண்டோஸ் போட்டிருப்பீங்க. இந்த ஜென்மத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. என்னையும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. எத்தனையோ திருடனைப் பாத்திருக்கேன். திருட்டுத் தொழில் தெரியாததால மாட்டினவனைப் பாத்திருக்கேன். சொந்தத் தொழிலே தெரியாம, ஆடிட்டரை ஆளனுப்பிக் கூட்டிவந்து மாட்டினவன் நீங்க ஒருத்தர்தான்."

"லாத்தா, திட்டுறதுக்கும் ஒரு தகுதி வேணும்," என்றான் பெனிட்டோ. "அவருக்கு இதே அதிகம்."

கலீலுர் ரஹ்மான் தொண்டையைச் செருமினார். தேன் மறுபடி எட்டிப் பார்த்தது. "நஸீராம்மா, இது வெளிய போனா சென்டர் பேர் கெட்டுடும். நோயாளிங்க ரிப்போர்ட் எல்லாம் வெளியில ஒரு கடையில கிடந்திருக்கு. இவனை நான் பாத்துக்கிறேன். ரிப்போர்ட்ல டிரைவர் பிராப்ளம்னு மட்டும் எழுதிடுங்களேன். அது உண்மைதானே?"

நஸீரா அவரைப் பார்த்தாள். ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல ஊரையே கூட்டியவர், உண்மையான திருடனைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொல்கிறார். ரகுநாதன் மேல் இருந்த வெறுப்பில் பாதியை அப்படியே எடுத்து இவருக்கு வைத்தாள்.

"உண்மை முழுசா இருக்கும். இந்த மிஷினையும் அந்த அஞ்சையும் யாரும் தொடக் கூடாது. போலீஸ் புகாருக்கு ரிப்போர்ட் கேட்டீங்களே, சாயங்காலத்துக்குள்ள வந்துடும். பேர் மட்டும் மாறியிருக்கும்."

கலீலுர் ரஹ்மான் டெல்சி பக்கம் திரும்பினார். மேஜை இழுப்பறையிலிருந்து அவளுடைய ஐடி கார்டை எடுத்து நீட்டினார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. இந்தா. போய் டூட்டியைப் பாரு."

டெல்சி கார்டை வாங்கவில்லை.

"ஜினிக்க போட்டோ அழிஞ்சிருமா?" என்று பெனிட்டோவிடம் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. நாங்க எதையும் தொடல. விசாரணை முடிஞ்சதும் எனக்க கையாலயே காப்பி பண்ணித் தாறேன்."

அவள் தலையசைத்தாள். பிறகுதான் கலீலுர் ரஹ்மானைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"நேத்து நீங்க என்னையத் திருடின்னு இந்த ரூமுக்குள்ள வெச்சா சார் சொன்னிய?"

"அதில்லம்மா..."

"ரிசப்ஷன்ல வெச்சு சொன்னிய. எல்லாரும் பாத்திட்டு நின்னாவ. பேஷண்ட் எல்லாம் நின்னாவ. கார்ட அங்க வெச்சுத்தான் கழத்தினிய. அங்க வெச்சுத் தாங்க."

கலீலுர் ரஹ்மான் உதவிக்கு நஸீராவைப் பார்த்தார். நஸீரா தன் பையின் ஜிப்பை நிதானமாக மூடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மரியாதை வைக்கத் தகுந்த ஒரு ஆளாவது கிடைத்ததில் அவளுக்குத் திருப்தி.

கீழே ரிசப்ஷனில் காலை நேரக் கூட்டம். இருமல், குழந்தை அழுகை, டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல். நர்ஸ்கள், லேப் பையன்கள், கிளீனர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெனிட்டோ மேலே மீட்டிங் ரூம் வாசலில் ரகுநாதனுக்குக் காவல் நின்றான். நஸீரா படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுகொண்டாள்.

கலீலுர் ரஹ்மான் கார்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நின்றார். தரையைப் பார்த்தார். கவுன்டரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானிடம் சொல்வதைப் போல வாய்க்குள்ளேயே சொன்னார்:

"சிஸ்டர் டெல்சி... எதுவும் எடுக்கல. தப்பு எங்க பேர்ல."

டெல்சி கையை நீட்டவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"சத்தமா சொல்லுங்க சார்," என்றாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."